709இல் நீர்க்கசிவு

இரவு இரண்டு மணிக்கு
நான் பொத்தானை அழுத்தினால்தான்
இந்த ஓட்டலில் நாளை பிறக்கும்.
வெளிவட்டச் சாலையில் எல்லோருக்கும்
பன்னிரண்டுக்கே மாறிவிட்ட தேதி
இங்கே என் விரலுக்காகக் காத்திருக்கிறது.
பெருமைக்குச் சொல்லவில்லை.
அழுத்தாமல் விட்டால் என்ன என்று
சில இரவுகளில் கால்மணி நேரம்
உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.
ஒன்றும் ஆகாது.
பிரிண்டர் மட்டும் கத்தும்.

சட்டையில் குத்தியிருக்கும் பெயர் ஐசக்.
இசக்கிமுத்து
விருந்தினர் வாயில் உடைகிறானாம்.
ஆறு வருடம் முன்பு
சிரித்துக்கொண்டேதான் குத்திக்கொண்டேன்.
இப்போது யாராவது கூப்பிட்டால்
ஐசக் திரும்புகிறான்,
பயணம் சௌகரியமா என்று ஐசக் கேட்கிறான்.
நான் கொஞ்சம் தள்ளி நின்று
இவனுக்கு எப்போது ஷிப்ட் முடியும் என்று
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

கேன்டீன் வாசலில் ஒரு திரை.
ஐந்து முகங்கள்,
அழுமூஞ்சியில் தொடங்கி
பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு வரை.
இன்று உங்கள் மனநிலை எது?
தொட்டால்தான் கதவு திறக்கும்.
சாம்பார் ஆறுவதற்குள்
எல்லோரும் ஐந்தாம் முகத்தைத் தொடுகிறோம்.
அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி மங்கிவிட்டது.
போன காலாண்டில்
தென்மண்டலத்திலேயே மகிழ்ச்சியான கிளை நாங்கள்தான்.
கேக் வெட்டினார்கள்,
பகல் ஷிப்டுக்கு.

சோதன்புயீயோடு எனக்குப் பேச்சுப் பழக்கம் இல்லை.
ஏழாம் மாடி. பதினாறு அறைகள்.
அறைக்கு இருபத்திரண்டு நிமிடம்.
சட்டையில் சோஃபி.
சரக்கு லிஃப்டில் எதிர்ப்பட்டால்
சோஃபியும் ஐசக்கும் தலையசைத்துக்கொள்வார்கள்.
ஈஜிபுராவில் எட்டுப் பேருக்கு நாலு கட்டில்,
முறைவைத்துத் தூங்குகிறார்கள் என்று
யாரோ சொல்லித் தெரியும்.

பூட்டுகளின் கணக்கு என் மேஜைக்குத்தான் வரும்,
எந்தச் சாவி, எந்தக் கதவு, எத்தனை மணிக்கு.
ஒரு செவ்வாய்க்கிழமை:
709. காலி அறை.
பணியாளர் சாவி, இரவு 11.52.
கேமராவில் பார்த்தேன்.
கதவுக்கு வெளியே
அழுக்குத் துண்டுகளோடு அவள் தள்ளுவண்டி.
அதன் கைப்பிடியில்
தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை.

செக்யூரிட்டிக்குச் சொல்ல வேண்டும். விதி.
போனை எடுத்தேன்,
எடுத்த கையோடு
கொஞ்ச நேரம் அதன் ஊமைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு
வைத்தேன்.
கணினியில் 709க்கு நேரே
பழுது என்று மாற்றினேன்.
காரணம் எழுதாமல் நகர விடாது அது.
நீர்க்கசிவு என்று அடித்தேன்.
அன்றைக்கு நாளையை
நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் பிறக்கவிட்டேன்.
அதனால் அவள் தூக்கம் நீளாது,
தெரியும்.

ஐந்தேகாலுக்கு வண்டியின் சக்கரச் சத்தம்.
கன்னத்தில் தலையணை மடிப்போடு கடந்து போனாள்.
தலையசைக்கவில்லை.
அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

பிறகு வெள்ளிக்கிழமை கசிந்தது.
அடுத்த செவ்வாயும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
காலை உணவுக்கு முட்டை அடிக்கும் தயானந்தின் சாவி,
வேறொரு நாள்
வாசலில் சல்யூட் அடிப்பவருடையது.
யாரும் யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.
நான் அடித்துக்கொண்டே இருந்தேன்:
நீர்க்கசிவு. நீர்க்கசிவு.

மேலாளர் கேட்டார்,
அதென்ன இந்த ஒரே அறை?
பராமரிப்பிலிருந்து திப்பேசாமியை அனுப்பினார்கள்.
ஸ்பேனர், டார்ச், பழைய வாளி.
இவ்வளவுதான், போயிற்று என்று
என் பொய்க்கான தண்டனையை
விடுமுறை மாதிரி நினைத்துப் பார்த்தேன்,
ஊருக்குப் போகாத, எங்கும் போகாத
வெறும் விடுமுறை.

இரண்டரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்.
வாளி காய்ந்திருந்தது.
முன்பக்கம் வாரியிருந்த தலைமுடி
பின்பக்கம் படுத்திருந்தது.
பதிவேட்டை இழுத்து எழுதினார்:
கசிவு உண்மை.
எங்கிருந்து என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு
பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது
என் முகத்தைப் பார்க்காமல்
கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்,

குருவாரம் ரூம் காலி இருக்குதா?